வீட்டு மேசையிலிருந்து அலுவலகச் சர்வர் வரை: டர்பனில் வி.பி.என் எதைக் காக்கிறது, எதை விட்டுவிடுகிறது

டர்பன் துறைமுகத்தைச் சுற்றியுள்ள கிளியரிங் ஏஜென்சிகளிலும் கணக்கு அலுவலகங்களிலும் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு 2020 மார்ச் 27 அன்று தொடங்கிய ஊரடங்கில்தான் அலுவலகம் வீட்டுக்குள் வந்தது. ஊரடங்கு முடிந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. 2021 ஜூலைக் கலவர வாரத்திலும், 2022 ஏப்ரல் வெள்ளத்திலும் சாலைகள் அடைபட்டபோது, சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ டோங்காட்டிலோ வீட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து அலுவலகச் சர்வருக்குள் போக முடிந்தவர்களால்தான் அந்த மாதச் சம்பளப் பட்டியலைப் போட முடிந்தது. இன்றும் வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை என்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது.

வீட்டுக் கணினியை அலுவலக வலையோடு இணைக்க அன்று அவசரத்தில் போட்ட வி.பி.என் மென்பொருளும் (கிளையன்ட்) அப்படியே தங்கிவிட்டது. யார் போட்டார்கள், என்ன அமைப்பில் போட்டார்கள், யார் யாருக்கு உள்ளே வர அனுமதி இருக்கிறது என்று கேட்டால் பல சிறு அலுவலகங்களில் பதில் கிடைக்காது. "வி.பி.என் இருக்கு, அதனால பாதுகாப்பா இருக்கோம்" என்ற நம்பிக்கை மட்டும் பலமாக இருக்கிறது. அந்த நம்பிக்கை பாதிதான் சரி. வி.பி.என் என்பது ஒரு சுரங்கப்பாதை மாதிரி. பாதையில் போகும் சரக்கை வெளியே இருப்பவர் பார்க்க முடியாது; ஆனால் பாதையின் இந்த முனையில் இருக்கும் உங்கள் லேப்டாப்பையும், அந்த முனையில் இருக்கும் அலுவலக வாசலையும் அது காக்காது. கடந்த சில ஆண்டுகளில் வெளிச்சத்துக்கு வந்த பெரிய தாக்குதல்களைப் பார்த்தால், பாதையை உடைத்து யாரும் வரவில்லை. முனைகள் வழியாகத்தான் வந்தார்கள்.

'கனெக்ட்' பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். கிளையன்ட், அலுவலகத்தின் பொது இணைய முகவரியில் வாசல் காக்கும் பெட்டியான கேட்வேயைக் கூப்பிடுகிறது. கேட்வே தன் சான்றிதழைக் காட்டித் தான் யார் என்று நிரூபிக்கிறது. நீங்கள் பாஸ்வேர்டும் கைபேசியில் வரும் குறியீடும் கொடுத்து நீங்கள் யார் என்று நிரூபிக்கிறீர்கள். பிறகு இரு தரப்பும் அந்த இணைப்புக்கு மட்டுமான ஒரு ரகசியச் சாவியைக் கணக்கிட்டுக்கொள்கின்றன. அந்தச் சாவி கம்பி வழியே அனுப்பப்படுவதே இல்லை. இரு பக்கமும் தனித்தனியாகக் கணக்கிட்டு ஒரே விடைக்கு வந்து சேர்கின்றன. கடைசியாக லேப்டாப்பில் நிஜத்தில் இல்லாத ஒரு நெட்வொர்க் கார்டு முளைக்கிறது. அதற்கு 10.8.0.6 என்பதுபோல் ஓர் உள்முகவரி கிடைக்கிறது. 'அலுவலக எண்களுக்குப் போகும் தரவுப் பொட்டலங்கள் எல்லாம் இந்தக் கார்டு வழியே போகட்டும்' என்று கணினியின் வழிப்பட்டியலில் ஒரு வரி எழுதப்படுகிறது. அதன் பிறகு ஒவ்வொரு பொட்டலமும் குறியாக்கப்பட்டு, இன்னொரு பொட்டலத்துக்குள் வைத்து அனுப்பப்படும். உங்கள் ஃபைபர் நிறுவனத்துக்குத் தெரிவதெல்லாம் எந்த முகவரியோடு பேசுகிறீர்கள், எவ்வளவு டேட்டா போகிறது என்பது மட்டும்தான்.

இதை எந்த நெறிமுறை (புரோட்டோகால்) செய்கிறது என்பதும் முக்கியம். 1990களில் வந்த பி.பி.டி.பி இன்னும் பழைய ரவுட்டர்களில் உயிரோடு இருக்கிறது. அதன் பாஸ்வேர்டு சரிபார்ப்பை ஒரே நாளில் உடைத்துவிடலாம் என்று 2012இலேயே செய்து காட்டிவிட்டார்கள். உங்கள் அலுவலகத்தில் இன்னும் அது ஓடினால் இன்றே நிறுத்துங்கள். அதில் யோசிக்க எதுவும் இல்லை. 2001இல் வந்த ஓப்பன்விபிஎன் நன்றாகத் தேறிய பழைய கை. வயர்கார்டு 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. அதன் நிரல் சுமார் 4,000 வரிதான் என்பதால் ஒரு நிபுணர் உட்கார்ந்து முழுவதையும் படித்துச் சரிபார்க்க முடியும். மற்ற நெறிமுறைகளில் நிரல் பல மடங்கு பெரியது. புதிதாகத் தொடங்கும் சிறு அலுவலகத்துக்கு நான் வயர்கார்டைத்தான் சொல்வேன், ஒரு எச்சரிக்கையோடு. அது என்ன என்று கீழே வருகிறது.

நிறுவுவது கடினமில்லை. ஆபத்து, கோப்பை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. தேடுபொறியில் கிளையன்ட்டின் பெயரைத் தட்டி, மேலே முதலில் வரும் விளம்பரத்தைச் சொடுக்கிப் பதிவிறக்குவது பலருடைய பழக்கம். பிரபல கிளையன்ட்களின் பெயரிலேயே போலி நிறுவிகளைச் செய்து, அவற்றை விளம்பரமாக மேலே ஏற்றும் கும்பல்கள் இருக்கின்றன. அசல் போலவே நிறுவப்படும். நீங்கள் தட்டும் பாஸ்வேர்டு வேறு இடத்துக்குப் போகும். அதனால் அலுவலகம் கொடுத்த இணைப்பிலிருந்தோ, தயாரித்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். விண்டோஸில் அந்தக் கோப்பின் மேல் வலச் சொடுக்குப் போட்டு, பிராப்பர்ட்டீஸுக்குள் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' தாவலைத் திறந்தால் யார் கையெழுத்திட்டது என்று தெரியும். அந்தத் தாவலே இல்லை என்றாலோ, சம்பந்தமில்லாத பெயர் இருந்தாலோ நிறுவாதீர்கள். அரை நிமிட வேலை இது.

அடுத்தது புரொஃபைல் கோப்பு. கேட்வேயின் முகவரி, சான்றிதழ், சில சமயம் உங்கள் ரகசியச் சாவியே அதற்குள் இருக்கும். நம்மூரில் எதையும் வாட்ஸப்பில் தட்டிவிடுவதே வழக்கம்; இந்தக் கோப்பும் அப்படித்தான் சுற்றுகிறது. வயர்கார்டைப் பற்றிச் சொன்ன எச்சரிக்கை இதுதான்: அதன் அமைப்புக் கோப்பில் உங்கள் ரகசியச் சாவி வெறும் எழுத்தாக இருக்கும், பயனர்பெயரோ பாஸ்வேர்டோ தனியாகக் கேட்காது. கோப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் உள்ளே வந்துவிடலாம். குடும்பக் குழுவில் தவறிப் போய் விழுந்தாலும் அதே கதைதான். ஆளுக்கு ஒரு சாவி, கருவிக்கு ஒரு சாவி என்று கொடுத்து, எது யாருடையது என்று எழுதி வைத்தால்தான் ஒன்று தொலைந்தால் அதை மட்டும் ரத்து செய்ய முடியும். ஒரே கோப்பை ஐந்து பேருக்குப் பகிர்ந்த அலுவலகத்தில், ஒருவர் லேப்டாப் திருடுபோனால் ஐந்து பேருக்கும் மாற்ற வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு எதையும் மாற்றாமலே விட்டுவிடுவார்கள்.

நிறுவிய பிறகு எனக்கு அதிகம் வரும் அழைப்பு ஒன்று உண்டு. சாட்ஸ்வர்த்திலிருந்து கணக்கு எழுதும் ஓர் அக்கா, "பச்சையா கனெக்டட்னு காட்டுது தம்பி, ஆனா சர்வர் ஃபோல்டர் மட்டும் திறக்க மாட்டேங்குது" என்றார். அலுவலகத்துக்குப் போனால் அதே லேப்டாப்பில் எல்லாம் சரியாக வேலை செய்தது. அவர் வீட்டு ரவுட்டர் கொடுத்த முகவரி 192.168.1.23. அலுவலகச் சர்வரின் முகவரி 192.168.1.10. பார்த்தவுடனே விஷயம் புரிந்துவிட்டது. இரண்டும் ஒரே எண் குடும்பம். லேப்டாப்பைப் பொறுத்தவரை 192.168.1.10 என்பது இதே வீட்டுக்குள் இருக்கும் ஏதோ ஒரு கருவி. அதற்குப் போகும் பொட்டலத்தைச் சுரங்கத்துக்குள் அனுப்ப வேண்டிய தேவையே அதற்குத் தெரியவில்லை. அவர் வீட்டில் அந்த எண் டிவிக்குக் கிடைத்திருந்தது. சர்வரைத் தேடிப் போன பொட்டலங்கள் டிவியின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன.

இது அபூர்வமான கோளாறு இல்லை. வீட்டுக்கு வாங்கும் அதே ரவுட்டரைச் சிறு அலுவலகங்களும் வாங்கி, பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டுவதால் வருவது. வீட்டு ரவுட்டரின் எண்ணை மாற்றினால் அந்த ஒருவருக்குத் தீரும். அடுத்த ஊழியர் வீட்டில் மறுபடி முளைக்கும். சரியான வழி அலுவலகத்தின் எண் குடும்பத்தை மாற்றுவது: 10.73.20 போல வீட்டு ரவுட்டர்கள் தொடாத ஏதாவது ஒன்று. ஒரு சனிக்கிழமை மதியம் பிரிண்டர், சர்வர், கேமரா என்று எல்லாவற்றுக்கும் எண் மாற்ற வேண்டிவரும். அதற்குப் பிறகு இந்தத் தொல்லை திரும்ப வராது.

சர்வரை எண்ணால் கூப்பிட்டால் திறக்கிறது, பெயரால் கூப்பிட்டால் திறக்கவில்லை என்றால் அது வேறு கதை. பெயருக்குரிய எண்ணைச் சொல்லும் அலுவலகத்தின் டி.என்.எஸ். சர்வரை கிளையன்ட் கேட்கவில்லை என்று பொருள். புரொஃபைலில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இனி வேகம். தென்னாப்பிரிக்கச் சிறு நிறுவனங்களில் பேஸ்டல் கணக்கு மென்பொருள் பரவலாக இருக்கிறது. அதன் தரவு அலுவலகச் சர்வரில் கிடக்க, நிரல் வீட்டு லேப்டாப்பில் ஓடினால் ஒரு பட்டியலைத் திறக்கவே தேநீர் குடித்துவிட்டு வந்துவிடலாம். "ஃபைபர் 50 எம்.பி. இருக்கே, ஏன் இவ்வளவு மெதுவா?" என்று கேட்பார்கள். அகலம் இங்கே பிரச்சினை இல்லை. இதுபோன்ற மென்பொருள்கள் ஒரு பட்டியலைக் காட்ட சர்வரிடம் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னக் கேள்விகள் கேட்கும். ஒன்றுக்குப் பதில் வந்த பிறகே அடுத்தது. அலுவலகக் கம்பியில் ஒரு கேள்வி போய்வர 1 மில்லிசெகண்ட் என்று வைத்தால் ஆயிரம் கேள்விக்கு 1 விநாடி. வீட்டிலிருந்து 30 மில்லிசெகண்ட் என்றால் அதே ஆயிரத்துக்கு 30 விநாடி. இணைப்பின் அகலத்தை இரட்டிப்பாக்கினாலும் அந்த 30 விநாடி குறையாது.

தீர்வு, நிரலை அலுவலகத்திலேயே ஓடவிட்டு அதன் திரையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவது. வி.பி.என்னில் இணைந்து, அதற்குள்ளே ரிமோட் டெஸ்க்டாப்பில் அலுவலகக் கணினிக்குப் போக வேண்டும். ஆயிரம் கேள்வியும் அலுவலகக் கம்பியிலேயே முடிந்துவிடும். இதில் இன்னொரு பெரிய நன்மை, லோட் ஷெட்டிங்கைப் பட்டறிந்தவர்களுக்கு உடனே புரியும். 2023இல் ஒரு நாளைக்குப் பல முறை மின்சாரம் போன காலத்தில், ரவுட்டருக்குச் சின்ன யு.பி.எஸ். வைத்திருந்தாலும் பேட்டரி தீர்ந்த தெருப்பெட்டியால் ஃபைபரே அணைந்துபோகும். தரவுக் கோப்பை நேராகத் திறந்து வைத்திருந்தால் பாதி எழுதிய நிலையில் அறுபட்டுக் கோப்பே கெடலாம். ரிமோட் டெஸ்க்டாப்பில் திரை மட்டும்தான் மறையும். அலுவலகத்தில் மின்சாரம் இருக்கும்வரை வேலை விட்ட இடத்தில் அப்படியே இருக்கும். கைபேசி ஹாட்ஸ்பாட்டுக்கு மாறி மீண்டும் நுழையலாம். வயர்கார்டும், ஐ.கே.இ.வி2 என்ற இன்னொரு நெறிமுறையும் இப்படி வலையிலிருந்து வலைக்குத் தாவினாலும் இணைப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை. 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு லோட் ஷெட்டிங் பெருமளவு குறைந்துவிட்டது என்றாலும் உள்ளூர்ப் பழுதில் விளக்கு அணைவது நிற்கவில்லை.

ரிமோட் டெஸ்க்டாப்புக்கு வி.பி.என்னே வேண்டாம், ரவுட்டரில் அதற்குரிய 3389 என்ற துறையை (போர்ட்) இணையத்துக்குத் திறந்துவிட்டால் போதும் என்று சொல்லும் 'கம்ப்யூட்டர் ஆள்' எல்லா ஊரிலும் இருக்கிறார். தயவுசெய்து கேட்காதீர்கள். இணையம் முழுக்கத் திறந்து கிடக்கும் 3389ஐத் தேடி இரவு பகலாகத் துழாவும் நிரல்கள் இருக்கின்றன. திறந்த சிறிது நேரத்திலேயே பாஸ்வேர்டு ஊகிக்கும் முயற்சிகள் பதிவேட்டில் வரிசை கட்டும்.

தொலைவும் ஒரு காரணம். வீடும் சர்வரும் டர்பனிலேயே இருந்தால் பொட்டலம் கடல் தாண்ட வேண்டியதில்லை. ஆனால் பன்னாட்டு நிறுவனத்தின் கேட்வே லண்டனில் இருந்தால், அடுத்த தெருவில் இருக்கும் சர்வருக்குக்கூட லண்டன் போய்த் திரும்பித்தான் வர வேண்டிவரும். போய்வர 150 மில்லிசெகண்டுக்கு மேல் பிடிக்கும். 2023 ஆகஸ்டில் காங்கோ கழிமுகத்துக்கு வெளியே கடலடிப் பள்ளத்தாக்கில் ஏற்பட்ட சரிவில் வாக்ஸ், சாட்-3 என்ற கடலடி இணையக் கேபிள்கள் அறுந்தபோதும், 2024 மார்ச்சில் ஐவரி கோஸ்ட் கடலில் நான்கு கேபிள்கள் பழுதானபோதும் அப்படிப்பட்டவர்களுக்குத்தான் அடி அதிகம்.

ஸ்பிளிட் டனல் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். அலுவலகத்துக்குரியதை மட்டும் சுரங்கத்தில் அனுப்பி, மற்றதை வீட்டு இணைப்பிலேயே விடும் முறை இது. எல்லோருடைய டீம்ஸ் கூட்டமும் அலுவலக இணைப்பு வழியாகப் போய்த் திரும்பினால் அந்த இணைப்பு திணறிப் போகும். 2020இல் மைக்ரோசாஃப்டே டீம்ஸ் போக்குவரத்தைச் சுரங்கத்துக்கு வெளியே விடச் சொன்னது. வரித்துறையான சார்ஸின் ஈஃபைலிங்கில் வாட் ரிட்டர்ன் போடவும், வங்கித் தளத்துக்கும் அலுவலக வி.பி.என் தேவையே இல்லை. அவை தம்மளவில் குறியாக்கத்தோடுதான் ஓடுகின்றன. சிறு அலுவலகத்துக்கு ஸ்பிளிட்தான் பொருத்தம் என்பது என் கருத்து. விமான நிலையத்திலும் காபிக் கடையிலும் இருக்கும் பொது வைஃபையில் மட்டும் கவனம் தேவை. 2024 மே மாதம் வெளியான 'டனல்விஷன்' ஆய்வு, அந்த வைஃபையை நடத்துபவர் தீயவராக இருந்தால், முகவரி கொடுக்கும்போதே வேறொரு வழியையும் சேர்த்துத் தந்து, சுரங்கத்துக்குள் போக வேண்டியதை வெளியே இழுத்துவிடலாம் என்று காட்டியது. வெளியிடத்தில் உங்கள் சொந்தக் கைபேசி ஹாட்ஸ்பாட் இருக்கும்போது கடை வைஃபை எதற்கு?

இப்போது அந்த முனைகளுக்கு வருவோம். 2021 மே மாதம் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுபோகும் கொலோனியல் பைப்லைன் பல நாள் நின்றது. தாக்கியவர்கள் நுழைந்தது, யாரும் பயன்படுத்தாமல் விட்டிருந்த ஒரு பழைய வி.பி.என் கணக்கு வழியாக. அதற்குப் பாஸ்வேர்டு மட்டும்தான் காவல், இரண்டாம் அடையாளச் சோதனை கிடையாது. தாக்கியவர்களுக்கு நிறுவனம் கொடுத்த பிணைத்தொகை சுமார் 44 லட்சம் டாலர். அதே ஆண்டு செப்டம்பரில், ஃபோர்டினெட் நிறுவனம் தயாரித்த சுமார் 87,000 கேட்வேக்களின் பயனர்பெயர்களும் பாஸ்வேர்டுகளும் வெளியே கொட்டப்பட்டதை ஃபோர்டினெட்டே உறுதிசெய்தது. அவை திருடப்பட்ட ஓட்டைக்கு 2019லேயே திருத்தம் வந்துவிட்டது. போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள். பின்னால் போட்டவர்களிலும் பாஸ்வேர்டை மாற்றாதவர்கள் தப்பவில்லை. 2024 தொடக்கத்தில் இவாண்டி என்ற நிறுவனத்தின் கேட்வேக்களில் ஓட்டைகள் வந்தபோது அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமை, அரசுத் துறைகள் அவற்றைப் பிப்ரவரி 2க்குள் வலையிலிருந்தே கழற்றிவிட வேண்டும் என்று உத்தரவிட்டது. வாசல் காக்கும் பெட்டியே வாசலைத் திறந்துவிடும் என்றால் அதை மாதாமாதம் புதுப்பிக்காமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

டர்பனுக்கு இது தூரத்துச் செய்தியும் அல்ல. 2021 ஜூலை 22 அன்று துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட் மீது நடந்த இணையத் தாக்குதலில் நம் துறைமுகத்தின் கொள்கலன் முனையங்கள் முடங்கின. ஒப்பந்தப்படி நடக்க இயலாத, தடுக்க முடியாத சூழல் (ஃபோர்ஸ் மஜூர்) என்று நிறுவனம் அறிவிக்கும் நிலைக்குப் போனது. கலவரத்தின் சூடு ஆறுவதற்குள் வந்த அந்த வாரம், ஒரு கணினி வலை படுத்தால் எத்தனை லாரிகள் வரிசையில் நிற்கும் என்பதைக் கிளியரிங் வேலையில் இருந்த எல்லோருக்கும் காட்டிவிட்டது.

ஆகவே இரண்டாம் அடையாளச் சோதனை கட்டாயம். அதையும் எஸ்.எம்.எஸ்ஸில் வைக்காதீர்கள். உங்கள் எண்ணை வேறொருவர் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் சிம் ஸ்வாப் மோசடி இந்த நாட்டில் எவ்வளவு சாதாரணம் என்று வங்கிக் கணக்கு வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். ஆத்தென்டிகேட்டர் செயலி நல்லது. அதிலும், நீங்கள் உள்நுழையாதபோது 'அனுமதிக்கவா?' என்று கேட்டு வந்தால் 'இல்லை' என்று அழுத்திவிட்டு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். 2022 செப்டம்பரில் ஊபரில் நடந்தது இதுதான்: ஒப்பந்த ஊழியர் ஒருவருக்கு அந்தக் கேள்வி மீண்டும் மீண்டும் வந்தது, கடைசியில் ஒரு தடவை அவர் அனுமதித்துவிட்டார்.

சட்டமும் இதில் உங்களைச் சும்மா விடாது. 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறைப்படுத்தப்படும் தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவின் 19ஆம் பிரிவு, தனிநபர் தகவலைக் காக்க நியாயமான ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. 22ஆம் பிரிவு, தகவல் அந்நியர் கைக்குப் போனதாக நம்பக் காரணம் இருந்தால் தகவல் ஒழுங்காணையருக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தெரிவிக்கச் சொல்கிறது. அபராதம் 1 கோடி ரேண்ட் வரை போகலாம். சம்பளப் பட்டியலில் இருக்கும் 13 இலக்க அடையாள எண்ணில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த நான்கில் ஆணா பெண்ணா என்பது. வங்கிக் கணக்கு எண்ணும் பக்கத்திலேயே இருக்கும். பிள்ளைகள் விளையாட்டு இறக்கும் அதே லேப்டாப்பில் அந்தப் பட்டியலைச் சேமித்தால் வி.பி.என் ஒன்றும் செய்ய முடியாது. தகவல் அலுவலகத்திலேயே இருக்கட்டும், திரை மட்டும் வீட்டுக்கு வரட்டும் என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம்.

சிலர் கைபேசிக் கடையில் இலவசமாகக் கிடைக்கும் வி.பி.என் செயலியையே அலுவலகத்துக்கும் போதும் என்று நினைக்கிறார்கள். அது வேறு பொருள். உங்கள் போக்குவரத்தை யாரோ ஒரு நிறுவனத்தின் சர்வர் வழியே திருப்பி, பார்க்கும் தளத்துக்கு உங்கள் முகவரியை மறைக்கும். அலுவலகச் சர்வருக்கு வழி திறக்காது. உங்கள் ஃபைபர் நிறுவனத்தின் மேல் வைத்த நம்பிக்கையை முகம் தெரியாத இன்னொருவருக்கு மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான். இலவசச் சேவையான ஹோலா, தன் பயனர்களின் இணைப்பையே மற்றவர்களுக்கு விற்றது 2015இல் அம்பலமானது.

அலுவலகம் நடத்துபவர்களுக்கு இந்த வாரமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. கேட்வேயில் இருக்கும் பயனர் பட்டியலை அச்செடுத்து, சம்பளப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். வேலையை விட்டுப் போனவர்களின் கணக்கு, 2020இல் உதவிக்கு வந்த கம்ப்யூட்டர் ஆளின் கணக்கு, 'டெஸ்ட்' என்ற பெயரில் யாரோ உண்டாக்கிய கணக்கு என்று ஏதாவது அதில் இருக்கும். அவற்றை நீக்கிவிட்டு, மீதமுள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கருவியின் பெயரையும் கொடுத்த தேதியையும் எழுதி வையுங்கள். அடுத்தவர் வேலையை விட்டுப் போகும் நாளில் அவருடைய கதவுச் சாவியை வாங்கும்போதே இந்தப் பட்டியலையும் எடுத்து அவர் பெயரை அடித்துவிடுங்கள்.